தற்காலிகப் பற்களைச் செப்பனிடும் முறை

'பல் போனால் சொல் போச்சு' என்பது நம் நாட்டுப் பழமொழி. சொல் மட்டுமோ போவது? சோற்றின் சுவையும், முகத்தின் பொலிவும், நாலு பேர் நடுவே வாய்விட்டுச் சிரிக்கும் துணிவும் அதனுடனே போகின்றன. போன பல்லுக்கு மாற்றுப் பல் அமைத்தல் இன்று அரிய காரியமன்று. ஆயினும், பல்லை எடுத்த நாளுக்கும் நிலையான மாற்றுப் பல் அமையும் நாளுக்கும் இடையே பல திங்கள் கழிதலுண்டு. அவ்விடைக்காலம் முழுதும் வாயிலிருந்து உழைப்பதே தற்காலிகப் பல். அஃது உடையுமாயின் செப்பனிடுவது எங்ஙனம், செப்பனிடலாகாத காலம் யாது என்பவற்றை எமக்குத் தெரிந்த அளவில் ஈண்டு விளக்கப் புகுகின்றோம்.

எம் கருத்தை இவ்விஷயத்திற் செலுத்தியது ஒரு சிறு நிகழ்ச்சியே. சென்னையினின்று வடக்கே செல்லும் பெருஞ்சாலையிற் செங்குன்றத்தைக் கடந்தவுடன் வருவது சோழவரம். கொசஸ்தலையாற்றின் நீர் தாமரைப்பாக்கம் அணையினின்று கால்வாய் வழியே இவ்வூர் ஏரியை அடைந்து, பின்னர்ப் புழலேரிக்குச் சென்று, சென்னை மக்களுக்குக் குடிநீராகின்றது. இவ்வூரினின்று நாடோறும் கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலைகளுக்குச் செல்வோர் பலர். அவருள் கடைசற் பட்டறையில் வேலை செய்யும் நண்பரொருவர், சென்ற பொங்கலுக்கு மறுநாள், மடித்த காகிதமொன்றுடன் எம்பால் வந்தார். பிரித்துப் பார்த்தால், கீழ்க் கடைவாயில் அவர் அணிந்திருந்த தற்காலிகப் பற்பாலம் இரண்டு துண்டாகக் கிடந்தது. கரும்பு கடித்தபோது முறிந்ததாம். போதாக்குறைக்கு, கடையில் விற்கும் உடனொட்டுப் பசையால் அதனை ஒருமுறை ஒட்டியும் பார்த்திருந்தார். 'விடுப்பெடுத்தால் ஒரு நாட் கூலி போகும் ஐயா. புதிதாகச் செய்யச் சொன்னால் அதற்குப் பணம் இப்போது இல்லை' என்று அவர் கூறியபோது, இச்சிறு துண்டுகளின் மேல் ஒரு குடும்பத்தின் கணக்கு நிற்பதை உணர்ந்தோம். அவருடன் பல் வைத்தியரிடமும், பல் செய்யும் பட்டறைக்கும் சென்று, நடந்தவற்றை நேரிற் கண்டோம்.

தற்காலிகப் பல் எதற்கு?

பல்லைப் பிடுங்கிய குழி ஆறி எலும்பு நிரம்பச் சில திங்கள் வேண்டும். தாடையெலும்பில் உலோக வேர் பதித்தவர்க்கு, அவ்வேரை எலும்பு இறுகப் பற்றப் பொதுவாக மூன்று முதல் ஆறு திங்கள் ஆகும். ஈறு நோய்க்குச் சிகிச்சை பெறுவோரும், தேய்ந்த பற்களின் உயரத்தைக் கூட்டிப் புதிய கடிமானம் தமக்குப் பொருந்துமா எனச் சோதிப்போரும் நெடுங்காலம் காத்திருத்தல் வேண்டும். இக்காலத்திற் காலியிடத்தை அப்படியே விட்டுவிட்டால், அண்டைப் பற்கள் அதனை நோக்கிச் சாயும்; எதிர்ப் பல் நீண்டு இறங்கும்; செதுக்கப்பட்ட தூண் பற்கள் கூசி வருந்தும். ஆகவே, தற்காலிகப் பல் என்பது அழகுக்கு வைக்கும் பொம்மையன்று. வரப்போகும் நிலையான பல்லுக்கு இடம் பிடித்து வைக்கும் காவற்காரன்.

அது செய்யப்படும் பொருள்

இப்பற்பாலத்திற்குரிய பொருள், பொதுமக்கள் அக்ரிலிக் என்று வழங்கும் பாலிமீதைல் மெத்தாக்ரிலேட்டு. மீதைல் மெத்தாக்ரிலேட்டு என்னும் நெடிமிக்க திரவத்தின் சிறு மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கைகோத்து நீண்ட சங்கிலிகளாகும்போது இத்திடப்பொருள் பிறக்கின்றது. சிறு மூலக்கூற்றை மானோமர் என்றும், சங்கிலியைப் பாலிமர் என்றும் கூறுவர்.

இதற்கு முன்னர் நெடுங்காலம் பற்கட்டுகளுக்குப் பயன்பட்டது வல்கனைட் என்னும் கடின இரப்பர். 1851இல் நெல்சன் குட்இயர் இதற்கு உரிமை பெற்றார். அது வலியதேயெனினும், ஈற்றின் நிறம் அதற்கு வாய்க்கவில்லை. 1930களின் பிற்பகுதியில் அக்ரிலிக் பற்கட்டுக்கு வந்தபின் வல்கனைட் மறைந்தது. இரண்டாம் உலகப் போரில் விமானங்களின் தெளிந்த மேற்கூடுகளுக்கும் இதே பொருள் பயன்பட்டது. அக்கூடு சிதறிக் கண்ணில் துணுக்குகள் பாய்ந்த விமானிகளைக் கண்ட ஹெரால்டு ரிட்லி என்னும் இலண்டன் கண் வைத்தியர், அத்துணுக்குகளைக் கண் வெறுத்துத் தள்ளாமை நோக்கி, 1949இல் இப்பொருளாலான வில்லையை ஒரு கண்ணுள் முதன்முதல் வைத்தார். 1992இல் மதுரையில் தொடங்கிய அரோலேப் நிலையமும் கண்வில்லைகளைச் செய்து வருகின்றது. உடம்போடு ஒத்துப்போகும் இக்குணமே அக்ரிலிக்கை வாய்க்குள்ளும் அனுமதித்தது.

கையாற் செய்வதும் பொறியாற் கடைவதும்

முற்காலத்தே, தூளையும் திரவத்தையும் கிண்ணத்திற் குழைத்து அச்சிலிட்டுத் தற்காலிகப் பல்லைச் செய்தனர். இன்றும் பல இடங்களில் அவ்வாறே செய்கின்றனர். 1971இல் பிரான்சு நாட்டுப் பிரான்சுவா டூரே கணிப்பொறி கொண்டு பல்லுறை செய்யும் ஆராய்ச்சியைத் தொடங்கினார். 1985இல் சூரிச் நகரில் மோர்மன், பிராண்டெஸ்டினி என்னும் இருவரின் பொறி முதல் நோயாளிக்குப் பயன்பட்டது. இப்போது பட்டறைகளில், 98 மில்லிமீட்டர் விட்டமுள்ள அக்ரிலிக் வட்டினைப் பொறியிற் பூட்டி, கணிப்பொறியில் வரைந்த வடிவத்தைச் சிறு கடைசலுளிகள் செதுக்கியெடுக்கின்றன. கும்மிடிப்பூண்டிப் பட்டறைகளில் எஃகுக் கட்டிக்கு நேர்வது எதுவோ, அதுவே இவ்வட்டுக்கும் நேர்கின்றது. எம் நண்பர் அப்பொறியைக் கண்டவுடன், 'இது நம்ம வேலைதான்' என்று மகிழ்ந்தார்.

இவ்வட்டு தொழிற்சாலையில் மிகுந்த வெப்பத்திலும் அழுத்தத்திலும் இறுக்கப்பெற்றது. ஆதலின் அதனுட் குமிழிகள் அரிது. சங்கிலியிற் சேராது எஞ்சிய மானோமர் மிகக் குறைவு. கையாற் குழைத்ததைவிட இது வலிது. நிறம் மாறுதலும் குறைவு. எனினும், இதே நற்குணமே செப்பனிடுவோர்க்கு இடையூறாகின்றது. கையாற் செய்த பல்லில், இன்னும் கைகோக்கக் காத்திருக்கும் மூலக்கூறுகள் சில எஞ்சியிருக்கும். புதிய அக்ரிலிக் அவற்றோடு எளிதிற் கலக்கும். வட்டிலோ எல்லாச் சங்கிலிகளும் முற்றி முடிந்தவை. சில வட்டுகளிற் சங்கிலிகள் குறுக்கேயும் பிணைக்கப்பட்டிருக்கும். முற்றிய மரத்தில் ஒட்டுக்கட்டுவது போன்றது இவ்வேலை. வலிமையான பொருளாயிற்றே, எதை வைத்தாலும் ஒட்டும் என்று எண்ணுதல் பிழை.

பஞ்சர்க் கடை காட்டும் பாடம்

காரனோடைப் பக்கம் சாலையோரத்துப் பஞ்சர்க் கடையிற் சற்றே நின்று பார்ப்பார்க்கு இவ்வித்தையின் உட்பொருள் விளங்கும். கடைக்காரர் டியூபிலுள்ள ஓட்டையின் மேல் ஒட்டை அப்படியே வைத்துவிடுவதில்லை. முதலில் அவ்விடத்தை அரத்தாற் சுரண்டுகின்றார், தூசியைத் துடைக்கின்றார், சொலூஷனைத் தடவி அது ஊறும் வரை பொறுக்கின்றார், பின்னரே ஒட்டை வைத்துச் சூட்டோடு அழுத்துகின்றார். அரித்த ஏரிக்கரையை அடைப்போரும் பழங்கரையைப் படிபடியாக வெட்டி, நீர் தெளித்து, புது மண்ணை அடுக்கடுக்காயிட்டுத் திமிசாற் கெட்டிப்பர். சுரண்டல், ஊறவைத்தல், அழுத்தல் என்னும் இம்மூன்றுமே அக்ரிலிக் பல்லைச் செப்பனிடுதற்கும் அடிப்படை.

முதற்கண் காரணங் காண்க

உடைந்ததை ஒட்டுமுன், உடைந்தது ஏன் என வினவல் வேண்டும். காரணம் நீங்காதாயின் ஒட்டிய இடமோ அதன் அருகோ மீண்டும் முறியும். பற்பாலங்கள் பெரும்பாலும் முறிவது, தூண் பல்லின் உறையும் தொங்கு பல்லும் சேரும் இணைப்பிலேயாம். உத்தரத்தின் விதி இங்கும் செல்லும்: இடைவெளி இரு மடங்கானால் வளைவு எட்டு மடங்காகும்; உயரம் பாதியானாலும் வளைவு எட்டு மடங்காகும். ஆகவே இணைப்பின் உயரத்தைச் சிறிது குறைத்தாலும் கேடு பெரிது. எதிர்ப் பல் ஓரிடத்தில் மட்டும் ஓங்கி இடித்தல், உறக்கத்திற் பல்லைக் கடித்தல், ஒரு பக்கத்து ஒட்டுச் சிமெண்டு கரைந்து பாலம் ஒரு காலில் ஆடுதல், உறையின் சுவர் மெலிந்திருத்தல் ஆகியனவும் காரணங்களாம். எம் நண்பர்க்குக் கரும்பு ஒரு சாக்கே. பின் தூணில் சிமெண்டு முன்னரே கரைந்திருந்தமை வைத்தியர் நோக்கியபோது புலனாயிற்று. அத்தூண் பல்லில் சொத்தை தொடங்கியிருந்தால் பாலத்தை மட்டும் ஒட்டிப் பயனில்லை. நல்வினையால் அது தொடங்கவில்லை.

செப்பனிடும் முறை

பாலத்தை முழுதும் கழற்றி, பழைய சிமெண்டைச் சுரண்டியெடுத்து, கழுவி உலர்த்துவர். அக்ரிலிக் வாயில் இருக்குங்கால் சிறிது நீரை உறிஞ்சுமாதலின் உலர்த்துதல் அவசியம். துண்டுகள் பிசகின்றிப் பொருந்துமானால், அவற்றைப் பொருத்தி ஒட்டு மெழுகால் நிறுத்தி, கீழே சாந்து வார்த்து ஒரு படுக்கை செய்வர். வாயில் இருந்த நிலையே அப்படுக்கையில் நிற்கும். பின்னர்த் துண்டுகளை எடுத்தாலும் அதே நிலையில் திரும்ப வைக்கலாம்.

அடுத்து, முறிந்த முகங்களை இராவி, இரண்டு மூன்று மில்லிமீட்டர் அகலமுள்ள இடைவெளி உண்டாக்குவர். 'அப்படியே பொருந்துவதை ஏன் இராவுவது?' என்று கேட்கலாம். மயிரிழை போன்ற இடுக்கிற் புதுப்பொருள் புகுந்து நிரம்பாது. முறிந்த முகமும் உமிழ்நீரும் அழுக்கும் படிந்தது. விளிம்புகளைக் கூராக விடாது உருட்டிவிடுதல் நன்று. கூரிய மூலையிலேயே மறு விரிசல் தோன்றும். பின்னர், 50 மைக்ரான் அளவான அலுமினியம் ஆக்சைடு மணலைக் காற்றோடு வீசியோ, கார்பைடு உளியால் தேய்த்தோ முகங்களைச் சொரசொரப்பாக்கித் தூசியை ஊதிவிடுவர். பல்லின் எனாமலுக்கு உதவும் பாஸ்பாரிக் அமிலம் இங்கே அழுக்கை நீக்குமேயன்றி, அக்ரிலிக்கிற் பிடிப்பை உண்டாக்காது.

இனி வருவதே உயிர்நிலை. சொரசொரப்பான முகங்களில் மீதைல் மெத்தாக்ரிலேட்டுத் திரவத்தைத் தூரிகையால் தடவி, ஏறத்தாழ மூன்று நிமிஷம் ஈரம் மாறாது வைத்திருத்தல் வேண்டும். உலருந்தோறும் மீண்டும் தடவுவர். திரவம் மேற்பரப்பை இளக்கி உட்புகும்; பழைய சங்கிலிகள் சற்றே நெகிழும்; அவற்றினிடையே புதிய சங்கிலிகள் வளர்ந்து பின்னிக்கொள்ளும். பரபரப்பில் ஒருமுறை தொட்டுவிட்டு மேலே செல்வோர் செய்யும் பிழையே பல செப்பங்கள் விரைவிற் பெயர்தற்குக் காரணம். வட்டு முற்றியதாகலின் இங்கே பொறுமை பின்னும் வேண்டும்.

பின்னர், தானே இறுகும் அக்ரிலிக்கைக் குழைத்து இடைவெளியைச் சிறிது மிகையாக நிரப்புவர். இத்தூளில் பென்சாயில் பெராக்சைடும் திரவத்தில் ஓர் அமீனும் உண்டு. இரண்டும் கூடியவுடன் வேலை தொடங்கும். தனித்திரவம் இறுகுங்கால் 100க்கு ஏறத்தாழ 21 பங்கு சுருங்கும். மூன்று பங்கு தூளுக்கு ஒரு பங்கு திரவம் எனக் கலந்தால் அச்சுருக்கம் 7 பங்களவிற்குக் குறையும். ஆகவே, எளிதாகப் பரவட்டுமென்று திரவத்தை மிகுதியாக ஊற்றுதல் தவறு. நம் சித்திரை வெயிலில் கலவை மிக விரைந்து இறுகிவிடுமாதலின், திரவத்தைக் குளிர்ந்த இருளான இடத்தில் வைப்பதும், சிறிது சிறிதாகக் குழைப்பதும் அறிந்தோர் வழக்கம்.

நிரப்பியதை அழுத்தப் பாத்திரத்தில், 40 முதல் 45 டிகிரி வெதுவெதுப்பான நீரில், ஏறத்தாழ இரண்டு வளிமண்டல அழுத்தத்தில் பத்துப் பதினைந்து நிமிஷம் வைப்பர். அழுத்தம் குமிழிகளை ஒடுக்கும். குமிழி குறையின் வலிமை மிகும், கறையும் ஏறாது. இணைப்பு மெலிந்திருப்பின் கண்ணாடி இழையைத் திரவத்தில் நனைத்து, வளைவால் இழுபடும் பக்கத்திற் பதித்தலும் உண்டு. கடைசியாக இராவி, பியூமிசுத் தூளால் மெருகிட்டு, வாயில் வைத்துக் கடிமானத் தாளால் ஓங்கிய இடங்களைக் கண்டு களைவர். பாலத்தை ஒட்டும் தற்காலிகச் சிமெண்டில் கிராம்புச் சத்தாகிய யூஜினால் இல்லாதிருத்தல் நன்று; யூஜினால் அக்ரிலிக் இறுகுவதைக் கெடுக்குமாதலின், பிறகு செய்யும் செப்பத்துக்கும் அஃது இடையூறாகும்.

சிறு துணுக்கு மட்டும் பெயர்ந்திருந்தால் மேற்கூறிய அனைத்தும் வேண்டா. ஆயினும், பல் அடைப்புக்குரிய காம்பொசிட் என்னும் பொருளை நேரே அப்பினால் அக்ரிலிக் அதனை ஏற்காது. மீதைல் மெத்தாக்ரிலேட்டுக் கலந்த பிணைப்புத் திரவத்தை முதலிற் பூசி, ஒளியால் இறுக்கிய பின்னரே காம்பொசிட்டை வைத்தல் முறை. வாயினுள்ளேயே அக்ரிலிக்கைக் குழைத்து நிரப்புவோர், அஃது இறுகுங்கால் சூடெழுமென்பதை மறத்தலாகாது. அச்சூடு தூண் பல்லின் உயிர்க்கூழைத் தாக்கக்கூடும்.

பொருளறியாது மருந்திடேல்

தற்காலிகப் பல் என்பன யாவும் ஒரே பொருளாலானவை அல்ல. பிஸ்அக்ரில் என்னும் வகை வேறு. அதற்குக் காம்பொசிட் எளிதில் ஒட்டும். கண்ணாடித் துகள் செறிந்த காம்பொசிட் கட்டியினின்று கடைந்தனவும் உள. அவற்றை மணலாற் சொரசொரப்பாக்கி, கண்ணாடித் துகளைப் பற்றும் சைலேன் என்னும் திரவத்தைப் பூசுதல் தகும். அதே சைலேனைக் கண்ணாடித் துகளே இல்லாத தூய அக்ரிலிக்கிற் பூசுவது விழலுக்கு இறைத்த நீர். எனவே, எந்த வட்டினின்று பல் கடையப்பெற்றது என்பதைப் பட்டறை தன் குறிப்பேட்டில் எழுதிவைப்பதும், வைத்தியர் அதனைக் கேட்டறிவதும் இன்றியமையாதன.

செப்பனிடலாகாத காலம்

ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் முறிந்ததும், துண்டொன்று காணாமற் போனதும், சுவர் கடதாசிபோல் மெலிந்ததும், முன்னரே இரண்டொரு முறை ஒட்டப்பெற்றதும் மீண்டும் செப்பனிடத் தக்கன அல்ல. இங்கேதான் கணிப்பொறி நமக்கு உதவுகின்றது. பல்லின் வடிவம் பட்டறையிற் பத்திரமாயிருப்பின், மீண்டும் வாய் அளவெடாமலே, இணைப்பைச் சற்றுத் தடிப்பாக்கி மறுபாலம் கடைந்துவிடலாம். சிலபோது ஒட்டும் கூலியோடு ஒப்பிட்டால் அதுவே மலிவு. இதனை நோயாளிக்கு முன்கூட்டியே சொல்லுதல் நேர்மை.

பல்லணிந்தோர்க்கும் ஒரு சொல். உடைந்த துண்டுகளை எறியாது சிறு டப்பியில் எடுத்து வைக்க, கொதிநீரில் இடற்க, துண்டை விழுங்கியதாகவோ மூச்சுக்குழலிற் புகுந்ததாகவோ ஐயமிருப்பின் உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்க. கடைப் பசையால் ஒட்டுதல் கூடவே கூடாது. அஃது இமைப்பொழுதில் இறுகுமாதலின், மயிரிழை பிசகினும் பாலம் பிசகிய நிலையிலேயே நின்று தூண் பல்லை நெருக்கும். வாயின் ஈரத்தில் நாளடைவிற் கெட்டுப்போகும். பசை படிந்த முகத்தில் மானோமர் உட்புகாமையால், பின்னர்ச் செய்யும் முறையான செப்பமும் பழுதாகும். எம் நண்பரின் பாலத்தில் அப்பசையை இராவியெடுப்பதற்கே, ஒட்டும் வேலையினும் மிகுந்த நேரம் சென்றது.

பட்டறையில் உழைப்போரையும் நாம் மறத்தலாகாது. மீதைல் மெத்தாக்ரிலேட்டு எளிதில் தீப்பற்றுவது; அதன் ஆவி கண்ணையும் மூக்கையும் உறுத்தும்; தோலில் நெடுநாட் பட்டால் சிலர்க்குத் தீராத அரிப்பை உண்டாக்கும். மெல்லிய இரப்பர்க் கையுறையை அது விரைவில் ஊடுருவுமாதலின், கையுறை அணிந்தோம் என்று விரலாற் குழைத்தல் தகாது. காற்றோட்டமும், மூடியுள்ள பாத்திரமும், இராவுங்கால் முகமூடியும் வேண்டும். 1948ஆம் ஆண்டின் பல்வைத்தியர் சட்டம் வைத்தியரோடு பல் மெக்கானிக்குகளையும் பதிவுசெய்ய வகை வகுத்தது. 1953இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் ஒரு பிரிவாகத் தோன்றிப் பின்னர்த் தனிக் கல்லூரியாக வளர்ந்த அரசினர் பல்மருத்துவக் கல்லூரி நம் மாகாணத்தில் இவ்வித்தையைப் பரப்பியது. எனினும், வாய்க்குள் ஒளிரும் பல்லைக் காண்போர், மாடியறையில் ஆவியை மூச்சாக உட்கொண்டு அதனைச் செய்த கையை நினைப்பது அரிது.

நண்பரின் பாலம் அன்று மாலையே வாயில் ஏறிற்று. வைத்தியர் அவரிடம் மறையாது கூறியது: 'இஃது ஒட்டுப்போட்ட பாலம், மூன்று திங்களுக்கு இதன்மேற் பாரம் வைக்காதீர், அதற்குள் நிலையான பல்லுக்கு வழி செய்வோம், திங்களொருமுறை சிமெண்டைப் பார்க்க வாருங்கள்.' நண்பர் அவ்வாறே செய்து, சித்திரையில் நிலையான பாலம் அணிந்தார். செப்பனிட்டதனால் அவர்க்கு மிஞ்சியது அம்மூன்று திங்களே. பணம் சேர்க்க அவர்க்கு வேண்டியிருந்ததும் அதுவே.

தற்காலிகமானது தானே என்று எதனையும் அலட்சியமாகச் செய்வது நம்மவரிடையே மிகுந்துள்ள குறை. தற்காலிகப் பல்லை அணிந்து உண்பவனுக்கு அப்பொழுதைய பசி தற்காலிகமானதன்று. காரணங் கண்டு, பொருளறிந்து, சுரண்டி, ஊறவைத்து, அழுத்தி, இது எத்துணை நாள் தாங்கும் என்பதை ஒளியாது சொல்லிக் கொடுக்கப்படும் செப்பம், புதிய பல்லுக்கு இணையாகாவிடினும், புதிய பல் வரும்வரை ஒருவனை மனம் குன்றாது வாழ வைக்கும். தொழில் எதுவாயினும், அதனை மேற்கொள்ளும் நம் மாணவர் இதனை உளங்கொள்வாராக.